டியூப் போட்ட நோயாளிக்கு ஏதோ சரியில்லை: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது எப்படி

சங்கரன்கோவிலில் இருந்து ராதாபுரம் வரை, நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அவசரமாகச் சுவாசக் குழாய் போட வேண்டி வருவது பெரும்பாலும் தெரிந்த காரணங்களுக்குத்தான். பூச்சி மருந்து விஷம், அரளி விஷம், தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தது, நான்குவழிச் சாலை விபத்து. தாலுகா ஆஸ்பத்திரியில் ஒருவர் டியூப் போடுவார். 108-ல் இன்னொருவர் அதைப் பிடித்துக்கொண்டு வருவார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலோ தனியார் ஐசியூவிலோ வேறொருவர் பத்து நாள் கழித்து அதை எடுப்பார். இரண்டு மாதம் கழித்து மூச்சு இரைக்கிறது என்று அதே நோயாளி ஊர் கிளினிக்குக்குப் போகும்போது, அங்கே இருக்கிற டாக்டருக்கு டியூப் போட்ட கதையே தெரியாது.

அபூர்வமான சிக்கல்கள் தவறிப்போவது பெரும்பாலும் இந்தக் கைமாற்றத்தில்தான். நோயின் பெயர் தெரியாததால் இல்லை, அறிகுறியை டியூப்போடு யாரும் சேர்த்துப் பார்க்காததால். இது ட்யூட்டி டாக்டர்கள், ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ்கள், அனஸ்தீசியா டெக்னீஷியன்களுக்காக எழுதியது. நோயாளியின் வீட்டார் படித்தால் கடைசிப் பகுதிகள் அவர்களுக்கும் உதவும்.

அபூர்வத்தைத் தேடும் முன்: முதல் அரை நிமிடம்

ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா? வென்டிலேட்டரைக் கழற்றி, முழு ஆக்சிஜனோடு அம்பு பேக் என்கிற காற்றுப் பையைக் கையால் அமுக்கி ஊதுங்கள். எளிதாகக் காற்று போய் அளவு ஏறினால், கோளாறு மெஷினிலோ அதன் குழாய்களிலோ இருக்கிறது. கைக்கு இறுக்கமாக இருந்தால் டியூப்பையும் நெஞ்சையும் பாருங்கள்.

அடுத்தது கேப்னோகிராஃப், அதாவது வெளிவரும் மூச்சில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கருவி. அலை இல்லையென்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை டியூப் மூச்சுக்குழலில் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதயம் நின்று மசாஜ் நடக்கும்போதுகூட, டியூப் சரியான இடத்தில் இருந்தால் தாழ்வாகவாவது அலை வரும். டியூப்பில் ஆவி படிகிறது, ஸ்டெத்தில் சத்தம் கேட்கிறது என்பதெல்லாம் ஏமாற்றும். டியூப் உணவுக்குழாயில் இருந்தாலும் ஆவி படியும். 2011-ல் பிரிட்டனில் வெளியான நாடு தழுவிய ஆய்வு, ஐசியூக்களில் மூச்சுப்பாதைச் சிக்கலால் நடந்த இறப்புகளில் பெரும்பாலானவற்றில் கேப்னோகிராஃப் பயன்படுத்தாதது ஒரு காரணம் என்று சொன்னது. வசதியான ஐசியூக்களிலேயே அந்த நிலை என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஆழம். ஆண்களுக்குப் பல்வரிசையில் சுமார் 23 செ.மீ., பெண்களுக்கு 21, குள்ளமானவர்களுக்கு அதற்கும் குறைவு. கழுத்தை முன்னால் மடக்கினால் டியூப் நுனி ஏறக்குறைய 2 செ.மீ. கீழே இறங்கும், பின்னால் சாய்த்தால் அதே அளவு மேலே வரும். மூச்சுக்குழலின் மொத்த நீளமே 10 முதல் 12 செ.மீ. தான். தென்காசி ரோட்டில் நாலு வேகத்தடை தாண்டி வந்த டியூப், ஏற்றும்போது இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பாதீர்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கியதும் ஒரு தடவை எண்ணைப் பார்த்துச் சீட்டில் எழுதுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நோயாளி சரியில்லை என்றால் கீழே பாருங்கள்.

கழுத்து உப்புகிறது, தொட்டால் நறநறக்கிறது

டியூப் போட்டுச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கழுத்தும் கன்னமும் உப்பும். சில சமயம் டியூப் எடுத்த பிறகுதான் தெரியும். முதலில் கண்ணில் படுவது கண் இமை வீக்கமாக இருக்கலாம். அலர்ஜி என்று நினைத்து அவில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அலர்ஜி வீக்கத்தை அமுக்கினால் விரலுக்கடியில் ஒன்றும் நொறுங்காது. காறை எலும்புக்கு மேலே இருக்கிற குழியில் மூன்று விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். தோலுக்கடியில் காற்று இருந்தால் ஈர மணலை மிதித்த மாதிரி நறநறக்கும். அது தெரிந்துவிட்டால் காற்று எங்கிருந்தோ கசிகிறது என்பது உறுதி. எங்கிருந்து என்பதுதான் அடுத்த கேள்வி.

பொதுவான பதில் நுரையீரல் கிழிந்து நெஞ்சறையில் காற்று சேர்ந்தது. ஒரு பக்கம் மூச்சொலி இல்லை, ரத்த அழுத்தம் விழுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது என்றால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் ஊசியால் காற்றை வெளியேற்றி, ஐசிடி (நெஞ்சறையில் இருந்து காற்றை வடிக்கும் குழாய்) போட வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

ஐசிடி போட்ட பிறகும் பாட்டிலில் குமிழி நிற்காமல் ஓடுகிறது, வென்டிலேட்டர் கொடுக்கிற காற்றில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை, வீக்கமும் வளர்கிறது என்றால், மூச்சுக்குழலே கிழிந்திருக்கலாம். மூச்சுக்குழலின் முன்பக்கமும் பக்கவாட்டும் குருத்தெலும்பு வளையங்களால் ஆனவை. பின்சுவர் வெறும் சவ்வு. டியூப்பால் வருகிற கிழிசல் அந்தப் பின்சுவரில், நீளவாக்கில்தான் பெரும்பாலும் வரும்.

யாருக்கு வருகிறது? பெண்களுக்கு, அதிலும் குள்ளமானவர்களுக்கு, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் சவ்வு பலவீனமாகவே இருக்கும். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் இருந்து வருகிற வயதான அம்மாமார் பலர் இந்த உடல்வாகுதான். அவசரத்தில் கைக்குக் கிடைத்த 8 நம்பர் டியூப்பைத் திணிப்பதைவிட 7-ஐ எடுக்க ஒரு நொடி செலவழிக்கலாம். கை செய்கிற காரியங்களும் உண்டு: டியூப்பை விறைப்பாக்க உள்ளே வைக்கும் ஸ்டைலட் கம்பியின் நுனி டியூப்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, பல முறை முயல்வது, கஃப்பில் (காற்று கசியாமல் அடைக்க டியூப் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிற பலூன்) காற்றை இறக்காமலே டியூப்பை மேலும் கீழும் நகர்த்துவது, சிரிஞ்சில் இருந்த பத்து மில்லியையும் கணக்குப் பார்க்காமல் கஃப்பில் தள்ளுவது.

எக்ஸ்ரேயில் கஃப் மூச்சுக்குழலைவிட அகலமாக, பந்து மாதிரி உப்பியிருந்தால் அது பெரிய துப்பு. கசிகிறது என்று அந்த நேரத்தில் மேலும் காற்று ஏற்றுவதுதான் எல்லோருடைய கையும் தன்னால் செய்கிற காரியம். அது கிழிசலைப் பெரிதாக்கும்.

என்ன செய்யலாம்: அழுத்தத்தைக் குறையுங்கள். அம்பு பேக்கை ஓங்கி அமுக்காதீர்கள். முடிந்தால் நோயாளியைத் தானாக மூச்சுவிட விடுங்கள். மூச்சுக்குழலுக்குள் பார்க்கிற ப்ராங்கோஸ்கோப் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். கிழிசல் எங்கே, எவ்வளவு நீளம், உணவுக்குழாய் வரை போயிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். ஸ்கோப்பில் பார்த்தபடியே கஃப் கிழிசலுக்குக் கீழே உட்காரும்படி டியூப்பை இறக்குவது ஒரு வழி. கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால் கிழிசல் வழியாக டியூப் நெஞ்சுக்குள் போய்விடும். சிறிய கிழிசல், நோயாளியும் நிலையாக இருக்கிறார் என்றால் ஆன்டிபயாடிக்கோடு காத்திருந்தாலே பல நேரம் ஆறிவிடும். காற்று கொடுக்கவே முடியவில்லை, வீக்கம் வளர்ந்துகொண்டே போகிறது என்றால் நெஞ்சு அறுவைச் சிகிச்சை. ரெஃபர் செய்யும்போது ‘மூச்சுத்திணறல்’ என்று மட்டும் சொல்லி அனுப்பாமல் ‘மூச்சுக்குழல் கிழிசல் சந்தேகம்’ என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வார்த்தையைக் கேட்டால்தான் அந்தப் பக்கம் ஸ்கோப்பும் சர்ஜனும் தயாராவார்கள்.

இதற்கு ஒரு மெதுவான உறவுக்காரன் உண்டு. டியூப் போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ காய்ச்சல், கழுத்து வலி, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, கொஞ்சம் நறநறப்பு. இது தொண்டையின் பின்சுவரிலோ, குரல்வளைக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளத்திலோ ஓட்டை விழுந்ததற்கான அறிகுறி. டியூப்புக்கு வழிகாட்டும் பூஜியோ, ஸ்டைலட்டோ, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற ராய்ல்ஸ் டியூப்போ குத்தியிருக்கலாம். தொண்டைப்புண் என்று வாய் கொப்பளிக்கச் சொல்லி விட்டுவிட்டால் சீழ் நெஞ்சின் நடுப்பகுதிக்கு இறங்கும். அங்கே போன பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம். வாய் வழியாக எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பார்க்காமல் புது ராய்ல்ஸ் டியூப் போடாதீர்கள், கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சிடி எடுங்கள், ஈஎன்டி டாக்டரை அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

அழுத்த அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது

வென்டிலேட்டரில் உச்ச அழுத்தத்தோடு பிளாட்டோ அழுத்தத்தையும் (காற்றை உள்ளே ஒரு கணம் நிறுத்தி அளப்பது) பாருங்கள். உச்சம் மட்டும் ஏறி பிளாட்டோ சாதாரணமாக இருந்தால் அடைப்பு குழாய் வழியில், அதாவது டியூப் மடங்கியிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம், நோயாளி கடித்திருக்கலாம், அல்லது மூச்சுச் சிறுகுழல்கள் சுருங்கியிருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால் நுரையீரலிலோ நெஞ்சறையிலோ பிரச்சினை.

குழாய் வழியில் அடைப்பு என்றால் சக்‌ஷன் கதீட்டரை விட்டுப் பாருங்கள். டியூப்பின் நீளம் வரைக்கும் தடையில்லாமல் போகிறதா? போகவில்லை, சளியும் வரவில்லை என்றால் அபூர்வமானது ஒன்று இருக்கலாம்: அளவுக்கு மீறி ஊதிய கஃப் ஒரு பக்கமாகப் பிதுங்கி டியூப்பின் வாயையே மூடிவிடுவது. கஃப்பில் காற்றை முழுவதும் இறக்குங்கள். உடனே காற்று போனால் விடை கிடைத்துவிட்டது. போகவில்லையென்றால் யோசித்துக்கொண்டு நிற்காமல் டியூப்பை உருவி, மாஸ்க்கில் ஊதி, புதிது போடுங்கள். ஒரு தடவைக்கு மட்டுமான டியூப்பைக் கழுவி மறுபடி பயன்படுத்துகிற இடங்களில் கஃப் இப்படித் தளர்ந்து பிதுங்க வாய்ப்பு கூடுதல்.

உள்ளே கம்பிச் சுருள் வைத்த டியூப் மடங்காது என்பது உண்மை. ஆனால் நோயாளி ஒரு தடவை பலமாகக் கடித்துவிட்டால் அந்தக் கம்பி நசுங்கியபடியே நின்றுவிடும், திரும்ப விரியாது. அப்போது மாற்றுவதைத் தவிர வழியில்லை. கடிக்கட்டை வைக்காமல் அதைப் போடாதீர்கள்.

மூக்கு வழியாகப் போட்ட டியூப் என்றால், வருகிற வழியில் மூக்குக்குள் இருக்கிற சதைத் துண்டையோ ரத்தக்கட்டியையோ செருகிக்கொண்டு வந்திருக்கலாம். மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால் மூக்கு வழியே போகவே கூடாது. டியூப் மண்டைக்குள் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பல். நம்ம ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு வெற்றிலை பாக்கால் ஈறு தளர்ந்து முன்பல் ஆடிக்கொண்டிருக்கும். டியூப் போடும் முன் வாய்க்குள் டார்ச் அடித்து ஆடுகிற பல்லைச் சீட்டில் குறித்துவையுங்கள். போட்ட பிறகு ஒன்று குறைந்தால் வாயில், படுக்கையில், சக்‌ஷன் பாட்டிலில் தேடுங்கள். கிடைக்கவில்லையா? நெஞ்சு, வயிறு இரண்டுக்கும் எக்ஸ்ரே. வயிற்றில் இருந்தால் தானாக வெளியேறிவிடும். மூச்சுச் சிறுகுழலில் இருந்தால் ஸ்கோப் வைத்து எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அதற்குக் கீழே இருக்கிற நுரையீரல் பகுதி சீழ் பிடிக்கும். பாக்கு வேறொரு தொல்லையும் கொடுக்கும். பல வருடம் மென்றவர்களுக்கு வாயே முழுதாகத் திறக்காது. இதை மயக்கமருந்து கொடுத்த பிறகு கண்டுபிடிப்பது நல்லதல்ல.

கஃப்பில் காற்று நிற்கவில்லை, அல்லது இறங்க மறுக்கிறது

தொண்டையில் கர்ர் என்று சத்தம், காற்று கசிகிறது. ‘கஃப் கிழிஞ்சிட்டு சார்’ என்பார் சிஸ்டர். பல நேரம் கஃப் கிழிந்திருக்காது. டியூப் மேலே ஏறி வந்து கஃப் குரல் நாண்களுக்கு நடுவில் நிற்கும். அந்த நிலையில் காற்று ஏற்ற ஏற்ற டியூப் இன்னும் மேலே வரும். முதலில் பல்வரிசை எண்ணைப் பாருங்கள், குரல்வளையைப் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பில் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

இடம் சரி, கஃப்புக்குக் காற்றேற்ற வெளியே தொங்குகிற பைலட் பலூனின் வால்வுதான் உடைந்திருக்கிறது, டியூப்பை மாற்றுவது ஆபத்து என்றால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. பைலட் பலூனுக்குக் கீழே அந்த மெல்லிய குழாயை வெட்டி, 22 நம்பர் கேனுலாவை அதில் சொருகி, மூணு வழி ஸ்டாப்காக் மாட்டி, காற்றேற்றிப் பூட்டிவிடுங்கள். நிரந்தரமான ஏற்பாடு இல்லை என்றாலும், மாற்றுவதற்கு ஆள் வரும்வரை தாங்கும்.

காற்று இறங்கவில்லை என்றால் இழுக்காதீர்கள். உப்பிய கஃப்போடு இழுத்தால் குரல் நாண் கிழியும், பக்கத்தில் இருக்கிற சிறு குருத்தெலும்பும் இடம் மாறும். பைலட் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, கட்டிய நாடா அதை இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் அந்தக் குழாயை வெட்டிப் பாருங்கள். கழுத்து ஆபரேஷன் முடிந்த நோயாளி என்றால் தையல் டியூப்பையோ கஃப் குழாயையோ சேர்த்துப் பிடித்திருக்கலாம், சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

டியூப் போட்ட கையோடு இதயம் தடுமாறுகிறது

ரத்த அழுத்தம் விழுவது சாதாரணம்தான். ஈசிஜியில் அலை அகலமாகி இதயம் நின்றால், கொடுத்த மருந்தை நினைத்துப் பாருங்கள். ஸ்கோலின் என்று நாம் சொல்லுகிற சக்ஸமெத்தோனியம், அதாவது டியூப் போடத் தசையைத் தளர்த்தும் மருந்து, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். தீக்காயம் பட்டு ஒன்றிரண்டு நாள் தாண்டியவர், கைகால் செயலிழந்து கிடப்பவர், ஐசியூவில் பல நாள் அசையாமல் படுத்திருந்தவர் ஆகியோருக்கு அது ஆபத்தான அளவுக்குப் போகும். கால்சியம், அப்புறம் இன்சுலினும் குளுக்கோஸும், மசாஜை நிறுத்தாமல்.

நம்ம ஊருக்கு இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பூச்சி மருந்து விஷத்தில் ஸ்கோலினைக் கரைக்கிற நொதியே முடங்கிக்கிடக்கும். சில நிமிடத்தில் தெளிய வேண்டிய மருந்து மணிக்கணக்கில் நீடிக்கும். அரளி விஷத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கலாம், இதயத் துடிப்பும் மந்தமாக இருக்கும். லாரிங்கோஸ்கோப் நாக்கடியில் பட்டதும் துடிப்பு இன்னும் இறங்கும். அட்ரோபினை முன்னாலேயே சிரிஞ்சில் இழுத்து வையுங்கள், ஸ்கோலினை விட்டுவிட்டு ரோகுரோனியம் எடுங்கள். அரளி விஷத்தில் கால்சியம் கொடுப்பது பற்றி டாக்டர்களிடையே ஒரே கருத்து இல்லை. மூத்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

டியூப் எடுத்ததும் மூச்சு இழுக்கிறது

எடுத்த சில நிமிடத்தில் உள்ளிழுக்கும்போது சத்தம் வந்தால் பெரும்பாலும் குரல்வளை வீக்கம். அட்ரினலின் நெபுலைசேஷன், டெக்ஸாமெத்தசோன், அடங்கவில்லை என்றால் தாமதிக்காமல் மறுபடி டியூப். இது எல்லோருக்கும் தெரிந்தது.

இளவயது ஆண், நல்ல கட்டுமஸ்தான உடம்பு, எடுக்கும் நேரத்தில் டியூப்பைக் கடித்துக்கொண்டு பலமாக மூச்சை இழுத்தார் அல்லது குரல்வளை ஒரு நிமிடம் இறுகிவிட்டது. அப்புறம் இளஞ்சிவப்பு நுரை வருகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது. ஹார்ட் அட்டாக் என்று பயப்படுவார்கள். மூடிய பாதைக்கு எதிராக நெஞ்சு இழுத்த இழுப்பில் நுரையீரலுக்குள் நீர் உறிஞ்சப்பட்டதுதான் காரணம். ஆக்சிஜனும் சிபாப்பும் (மாஸ்க் வழியாகத் தொடர் அழுத்தத்தில் கொடுக்கிற காற்று) போதும், சிலருக்கு மட்டும் மறுபடி டியூப் வேண்டும். பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் தெளிந்துவிடுவார்கள்.

எடுத்து சில மணி நேரம் அல்லது ஓரிரு நாள் நன்றாக இருந்துவிட்டு, பிறகு திடீரென்று மூச்சு இழுத்தால் அது வேறு கதை. நிலையை மாற்றிப் படுத்தால் சத்தம் மாறுகிறது, அட்ரினலினுக்கும் ஸ்டீராய்டுக்கும் மசியவில்லை என்றால், கஃப் அழுத்திய இடத்தில் சவ்வு உரிந்து படலமாகத் தொங்கிக்கொண்டிருக்கலாம். இருமலில் சில சமயம் குழாய் வடிவத்திலேயே ஒரு துண்டு வந்து விழும். அதைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ஸ்கோப் வைத்து எடுத்துவிட்டால் நோயாளி அன்றே மூச்சு தேறிவிடுவார்.

குரல் திரும்பவில்லை, நாக்கு கோணுகிறது

டியூப் எடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் குரல் கம்முவது சகஜம். ஒரு வாரம் தாண்டினால் ஈஎன்டி டாக்டர் எட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் நாளில் இருந்தே குரலும் போய், சோறு விழுங்கும்போது ஒரே இடத்தில் குத்துகிற வலியும் இருந்தால் குரல் நாணை அசைக்கிற சிறு குருத்தெலும்பு மூட்டு நழுவியிருக்கலாம். இதற்குத் தாமதம்தான் எதிரி. சீக்கிரம் கண்டுபிடித்தால் மயக்கம் கொடுத்துத் தள்ளி உட்காரவைத்துவிடலாம். வாரக்கணக்கில் விட்டால் அது அங்கேயே இறுகிவிடும். வலி இல்லாமல், காற்றுக் கலந்த குரல், தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது என்றால் குரல் நாண் நரம்பு கஃப்பில் நசுங்கியிருக்கலாம். ஒரு பக்கம் என்றால் பெரும்பாலும் சில மாதங்களில் தேறும். இரண்டு பக்கமும் என்றால் குரல் ஓரளவு நன்றாக இருந்து மூச்சு மட்டும் அடைக்கும். அது அவசரம்.

நாக்கை நீட்டச் சொன்னால் ஒரு பக்கம் கோணுகிறது, குரலும் கம்மியிருக்கிறது, ஆனால் கை கால் முகம் எல்லாம் சரியாக இருக்கிறது. பக்கவாதம் என்று வீட்டார் பதறுவார்கள். ஸ்ட்ரோக் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு இதையும் நினையுங்கள்: டியூப்போ, அதிகமாகச் சாய்த்த கழுத்தோ, நாக்கு நரம்பையும் குரல் நரம்பையும் சேர்த்து அமுக்கினால் இந்த ஜோடி அறிகுறி வரும். டாபியா என்ற ஸ்பானிய மருத்துவரின் பெயரால் அழைக்கிறார்கள். பேச்சுப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும், பெரும்பாலும் மாதங்களில் தேறிவிடுகிறது. சில வாரம் கழித்துத் தொண்டையில் ஏதோ நிற்கிற மாதிரி உணர்வும் குரல் மாற்றமும் தொடங்கினால் குரல் நாணின் பின்பக்கத்தில் சதைக்கட்டி வளர்ந்திருக்கலாம். பயமுறுத்துகிற கட்டி இல்லை. புகையிலையை விட்டு, அமிலம் மேலே வராமல் பார்த்துக்கொண்டால் பலருக்குத் தானாகவே சுருங்கும்.

வீட்டுக்குப் போய் ஒன்றிரண்டு மாதம் கழித்து ‘வீசிங்’

நம்ம பக்கத்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். பீடி சுற்றுகிற அம்மா, பாம்பு கடித்து வென்டிலேட்டரில் இரண்டு வாரம் கிடந்து பிழைத்து ஊருக்குப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்துத் தண்ணிக்குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. ‘மூச்சு இழுக்கயில விசில் கேக்கு’ என்பார். பீடித் தூசி, ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதிக் கொடுப்பார்கள். கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் அது நியாயமாகவே படும். இன்ஹேலர் மாறும், ஸ்டீராய்டு கூடும், மூச்சு மட்டும் சரியாகாது.

கஃப் அழுத்திய இடத்தில் புண்ணாகி, ஆறும்போது தழும்பு சுருங்கி மூச்சுக்குழலே குறுகிவிடுவது அது. மூச்சுக்குழல் சவ்வின் நுண் ரத்தநாளங்களில் ஓட்டம் தடைபடத் தொடங்குவதற்கு ஏறக்குறைய 30 செ.மீ. நீர் அழுத்தம் போதும். அதனால்தான் கஃப் அழுத்தத்தை 20-க்கும் 30-க்கும் நடுவில் வைக்கச் சொல்கிறார்கள். பைலட் பலூனை இரண்டு விரலால் அமுக்கி ‘சரியா இருக்கு’ என்று சொல்லுவதை எவ்வளவு அனுபவம் உள்ளவரிடமும் நம்பாதீர்கள். மானோமீட்டர் வைத்து அளந்தால் அதே பலூன் 60, 70 காட்டும். விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு ஐசியூவுக்கு ஒரு மானோமீட்டர், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு அளவு என்பது பெரிய செலவு இல்லை.

ஆஸ்துமாவில் இருந்து பிரித்தறிவது எப்படி? ஸ்டெத்தை நெஞ்சின் அடிப்பகுதியில் வைத்துக் கேட்டுவிட்டு, கழுத்தில் குரல்வளைக்குக் கீழே வையுங்கள். கழுத்தில்தான் சத்தம் உரக்கக் கேட்கிறது, மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வருகிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கும் பரிசோதனை வசதி இருந்தால் வளைவின் தலை மொட்டையாகத் தெரியும். பெரியவர்களுக்கு மூச்சுக்குழல் விட்டம் 8 மி.மீ. அளவுக்குக் குறுகினால் வேலை செய்யும்போது இரைக்கும். 5 மி.மீ. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் வரும். அந்த நிலையில் ஒரு சளித்துண்டு போதும், மொத்தமாக அடைத்துவிடும். அதனால் சும்மா இருக்கும்போது விசில் சத்தம் என்றால் மறுநாள் வரச் சொல்லாதீர்கள்.

இங்கே முன்னால் பார்த்த அவசரங்களுக்கு நேர்மாறான ஒரு எச்சரிக்கை. இவருக்கு அவசரப்பட்டு வழக்கமான அளவு டியூப் போட முயலாதீர்கள். குறுகிய இடத்துக்கு மேலேயே நின்றுவிடும், ரத்தமும் வீக்கமும் வந்து இருந்த வழியும் அடைபடும். உட்காரவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, நெபுலைசேஷன் போட்டபடி, ஸ்கோப்பும் ஈஎன்டி டாக்டரும் இருக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். குறுகல் சிறிதாக இருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம். தழும்பு நீளமாக, தடிப்பாக இருந்தால் அந்தத் துண்டை வெட்டி நீக்கி இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை நாள் டியூப், எந்த அளவு, எத்தனை முயற்சி, ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது) செய்ததா என்று ஒரு வரி சேருங்கள். அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி: ‘ஆறு மாதத்துக்குள் மூச்சிரைப்போ குரல் மாற்றமோ வந்தால் இந்தச் சீட்டைக் காட்டவும், தொண்டையில் குழாய் வைக்கப்பட்டிருந்தது.’ வீட்டார் அந்தச் சீட்டை மஞ்சள் பைக்குள் போட்டு வைத்திருப்பார்கள். கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். கேட்பதுதான் நடப்பதில்லை.

சாப்பிட்டால் இருமல், சக்‌ஷனில் கஞ்சி

வென்டிலேட்டரில் இருக்கும்போதே வருகிற வடிவம் இது: கஃப்பில் எவ்வளவு காற்று ஏற்றினாலும் கசிவு நிற்காது, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உப்பும், ராய்ல்ஸ் டியூப்பில் கொடுத்த கஞ்சி மூச்சுக்குழல் சக்‌ஷனில் வரும். முன்னால் கஃப், பின்னால் தடித்த ராய்ல்ஸ் டியூப். நடுவில் சிக்கிய சுவர் புண்ணாகி ஓட்டை விழுந்து, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழாய்க்கும் வழி உண்டாகிவிட்டது. வாரக்கணக்கில் டியூப் இருந்தவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோயோ ஸ்டீராய்டோ உள்ளவர்களுக்கு இந்த எண்ணம் முன்கூட்டியே வர வேண்டும்.

டியூப் எடுத்தவர்களுக்கு அறிகுறி இன்னும் தெளிவு. ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் இருமல், திரும்பத் திரும்ப நிமோனியா. விழுங்கும் தசை பலவீனத்திலும் புரை ஏறும் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்குத் தண்ணீரில்தான் தொல்லை அதிகம், கெட்டியான கூழ் ஓரளவு இறங்கும். ஓட்டை இருந்தால் இரண்டுமே வழி தவறும். சந்தேகம் வந்தால் ஸ்கோப்பும் சிடியும்.

ஊட்டத்தை உடனே நிறுத்துங்கள். தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். டியூப் இருந்தால் கஃப் ஓட்டைக்குக் கீழே உட்காரும்படி ஸ்கோப் பார்த்து மாற்ற வேண்டும். உணவுக்கு வயிற்றிலோ சிறுகுடலிலோ நேரடி வழி வைப்பார்கள். ஓட்டையைத் தைக்கிற ஆபரேஷனை வென்டிலேட்டரில் இருந்து நோயாளி மீண்ட பிறகுதான் பெரும்பாலும் செய்வார்கள். காற்று அழுத்தத்தில் புதுத்தையல் நிற்காது. அதுவரைக்கும் வீட்டார் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: ‘தொண்டை வறளுதுங்காவ, ஒரு மடக்கு இளநீர் மட்டும் குடுக்கலாமா?’ வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால், ராத்திரி ஷிஃப்டில் ஸ்பூனோடு வந்து நிற்பார்கள். வழி எங்கே ஓட்டையாகியிருக்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டுங்கள், உதட்டை நனைக்க ஈரத்துணி கொடுங்கள், படுக்கைத் தலைமாட்டிலேயே ‘வாய் வழியாக எதுவும் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.